கம்பி கட்டிய சாக்கு

ஏரிக்கரையில் இந்த வருடம் காலைச் சாப்பாட்டைச் சின்னவளே செய்யட்டும் என்று மாமனார் சொன்னபோது, பெரியவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை. அதற்கென்ன, தாராளமாகச் செய்யட்டும் என்று சிரிக்கக்கூடச் செய்தாள். சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான், கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

கேட்டு வாங்கியது சின்னவள்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. "வருஷா வருஷம் அக்காதான் பாவம், புகையில உக்காந்து கண்ணக் கசக்கிட்டே செய்யறாங்களாம். இந்தத் தடவை அவங்க கால நீட்டி உக்காந்து சாப்பிடட்டும் மாமா" என்று கெஞ்சினாள்.

பாவமாம். அந்த ஒரு வார்த்தைதான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகை கண்ணைக் கரிக்கிறது என்று அவள் யாரிடம் போய் அழுதாள்?

வீடு மாடியில், மரப்பட்டறை கீழே. மாமனார் முதலாளி. மூத்த மகன், அதாவது பெரியவளின் கணவன், அளவெடுப்பான், கணக்குப் பார்ப்பான். இளைய மகன், சின்னவளின் கணவன், சில்லறை வேலைகளைச் செய்துகொண்டு, அப்பா என்றைக்குப் பெரிய ரம்ப மெஷினைத் தன் கையில் விடுவார் என்று காத்திருந்தான். பாலிஷ் போடுகிறவர் ஒருவர், எந்தச் சோப்புக்கும் நகத்தில் ஏறிய பழுப்பு போகாததால் ஊரெல்லாம் அவருக்கு வார்னிஷ் என்றே பெயர். இத்தனை பேருக்கும் தினமும் மூன்று வேளைச் சாப்பாடு பெரியவள் கையால். பாத்திரங்கள் நிறைந்து கீழே இறங்கும், காலியாகி மரத்தூளோடு மேலே ஏறும். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை கூட வராது. உப்பு குறைந்த அன்றைக்கு மட்டும் சமைத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் இதற்கு விதிவிலக்கு. பட்டறையை மூடிவிட்டு எல்லோரும் வேனில் ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். மறுநாள் விடிந்ததும் கல் கூட்டித் தீ மூட்டி, கனத்த இரும்புத் தோசைக்கல்லில் பெரியவள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முறுக முறுக வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றுவாள். வீட்டில் ஒரு தட்டுக்கு மேல் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடும் மாமனார், அன்றைக்கு மட்டும் தட்டை இரண்டாவது முறை நீட்டுவார். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்பார். அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் பெரியவள் மிச்ச வருடம் பூராவும் ஓட்டினாள்.

இப்போது அதற்கும் ஆள் வந்துவிட்டது.

சின்னவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் பெரிய குறை. பல் ஆஸ்பத்திரியில் வேலை. கோணல் பல்லுக்குக் கம்பி மாட்டும்போது டாக்டர் பக்கத்தில் நின்று கம்பியை வளைத்து முறுக்கிக் கொடுப்பாள். விரல்கள் பூப் பறிக்கிற மாதிரி வேலை செய்யும். மாலையில் வந்து அவள் ஒரு தடவை தேநீர் போட்டுவிட்டாள் என்பதற்காக, சின்னம்மா போட்டால் கிளாஸையும் சேர்த்துக் கடித்துத் தின்னலாம் போலிருக்கிறது என்று வார்னிஷ் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இத்தனை வருடம் பெரியவள் போட்ட தேநீரைக் குடித்தவர் அவர். கிளாஸைக் கழுவிக்கூட வைத்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் கூட இருவருக்கும் ஒத்துவரவில்லை. பெரியவள் இடதுகைக்காரி. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும். "இடம் மாத்தி உக்காரட்டுமாக்கா?" என்று சின்னவள் உடனே எழுந்துவிடுவாள். விட்டுக்கொடுப்பதிலும் முந்திக்கொள்கிற பெண்ணை என்ன செய்வது?

ஏரிக்குக் கிளம்பும் நாள் சாயங்காலம், எல்லோரும் மாடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பெரியவள் அடுப்புக்கரி எடுக்கப் பட்டறைக்கு இறங்கினாள். பின்கதவு ஓரத்தில் இரண்டு சாக்குகள் நின்றன.

பட்டறையில் மிஞ்சும் மரத்துண்டுகளுக்கு மாமனார் ஒரு சட்டம் வைத்திருந்தார். சுத்தமான மரத்துண்டு ஒரு சாக்கு. அதன் வாயைக் கயிற்றால் கட்ட வேண்டும். அது அடுப்புக்கு. பசை போட்டு ஒட்டிய பலகை, பாலிஷ் ஏறிய துண்டு எல்லாம் இன்னொரு சாக்கு. அதைக் கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். அது குப்பைக்கு. முன்பு யாரோ அவசரத்தில் பசைப் பலகையை வெந்நீர் அடுப்பில் வைத்து, வீடே இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடியதிலிருந்து இந்த ஏற்பாடு. கயிற்றை இழுத்தால் அவிழும். கம்பிக்குக் குறடு தேட வேண்டும். தேடுகிற நேரத்தில் புத்தி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சாக்குக் கட்டுவது சின்னவன் பொறுப்பு.

பெரியவள் சாக்குகளைப் பார்த்தாள். மாடியிலிருந்து சின்னவளின் சிரிப்பும், கூடவே மாமனாரின் சிரிப்பும் கேட்டன. மாமனாருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சுவரில் மாட்டியிருந்த குறட்டை எடுத்தாள். கம்பியை அவிழ்த்தாள், கயிற்றை அவிழ்த்தாள். பசைப் பலகைச் சாக்கில் மேலாக நாலைந்து நல்ல துண்டுகளைப் பரப்பிவிட்டுக் கயிற்றால் கட்டினாள். நல்ல சாக்குக்குக் கம்பியை முறுக்கினாள். ஒரே ஒரு காலை, அவளுடைய கல்லில் ஒரே ஒரு கசந்த சாப்பாடு. அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த வருடம் மாமனார் தானாகவே, பெரியவளே செய்யட்டும் என்பார். அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக மாடியேறினாள்.

வேனில் ஏறும்போதுதான் பெரியவள் பார்த்தாள். பின்னால் இரண்டு சாக்குகளும் இருந்தன. கம்பி கட்டியதைப் போகிற வழியில் குப்பைக் கிடங்கில் போட்டுவிடலாம் என்று சின்னவன் ஏற்றியிருந்தான். கிடங்கு பூட்டியிருந்தது. "இருக்கட்டும் அண்ணி, திரும்பி வரும்போது போட்டுக்கலாம்" என்றான். அவளும் இருக்கட்டும் என்றாள். வேறென்ன சொல்வது?

விடியற்காலையில் ஏரி மேல் வெள்ளையாக மூடுபனி கிடந்தது. ஆண்கள் எல்லாம் முகம் கழுவத் தண்ணீர்க் கரைக்குப் போயிருந்தார்கள். சின்னவள் தலையில் துணி கட்டிக்கொண்டு, கல் கூட்டி, கயிற்றுச் சாக்கை அவிழ்த்துத் தீ மூட்டினாள். பெரியவள், சின்னவள் சொன்னபடியே, காலை நீட்டி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தீ அழகாகப் பிடித்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. சின்னவள் கல்லை ஏற்றி, முந்தின நாளே வேகவைத்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்கைத் துண்டு போட்டுப் பரப்பினாள். வெங்காயத்தைச் சன்னமாக அரிந்து போட்டாள். பெரியவள் எட்டிப் பார்த்தாள். எல்லாத் துண்டும் ஒரே அளவு. ஓரம் பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நறுமணம் கிளம்பி மூக்கைத் துளைத்தது. அவளுக்கே பசித்தது. ஒருவேளை பசைப் பலகையும் ஒன்றும் செய்யாதோ? இவள் அதிர்ஷ்டத்துக்கு விஷம் கூட வெல்லமாகிவிடுமோ?

தக்காளியை நசுக்கி விட்டு, நடுவில் குழி செய்து, சின்னவள் பாதி முட்டைகளை உடைத்து ஊற்றினாள். தீ தணிகிறது என்று கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சாக்குக்குள் கைவிட்டு அள்ளிப் போட்டாள். மேலே இருந்த நல்ல துண்டுகள் தீர்ந்துபோயிருந்தன.

முதலில் நிறம் மாறியது. வெள்ளைப் புகை கறுத்துச் சுருண்டு கல்லைச் சுற்றிக்கொண்டது. பிறகு அந்த நாற்றம் வந்தது. சின்னவள் இருமிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பெரியவளுக்கு, ஒளிக்காமல் சொன்னால், ஒரு நிமிடம் இனித்தது.

அவள் மறந்துபோனது ஒன்றுதான். இது மரப்பட்டறைக் குடும்பம். சாப்பிட்டுப் பார்த்துக் கசக்கிறது என்று முகம் சுளிப்பார்கள், சமைத்தவள் மேல் பழி விழும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் பசை எரிகிற நாற்றம் இவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். மற்ற ஆண்கள் பின்தொடர, கரையிலிருந்து மாமனார் துண்டோடு வேகமாக வந்தார். கல்லைப் பார்க்கவில்லை, சின்னவளைப் பார்க்கவில்லை. நேராகச் சாக்கைக் கவிழ்த்தார். ஒட்டுப்பலகைத் துண்டுகள் சரசரவென்று கொட்டின. யாரும் இதைத் தொடக் கூடாது என்று சொல்லி, கல்லிலிருந்ததை மொத்தமாக மண்ணில் தள்ளினார். பிறகு இளைய மகன் பக்கம் திரும்பினார்.

"சாக்கு கட்டினது யாரு?"

"நான்தாம்பா. ஆனா நான் சரியாத்தான்..."

"நீயேதான் கட்டின. வேற யாரும் கட்டல. அப்படித்தானே?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அடுத்த மாதத்திலிருந்து பெரிய ரம்பத்தில் அவனை நிற்கவைக்கலாம் என்று இருந்ததாகவும், கயிறு எது கம்பி எது என்று தெரியாதவன் விரலை அந்த மெஷினுக்குத் தின்னக் கொடுக்கத் தனக்கு மனசில்லை என்றும், இன்னொரு வருடம் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூத்தவன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை.

பெரியவளின் கணக்கில் இவன் இல்லவே இல்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது இவன் புத்தகப் பையோடு திரிந்தவன். அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் வளர்ந்தவன். உப்பு குறைந்த நாளிலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்த ஒரே ஆள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

அப்படியானால் நல்ல விறகு கம்பி கட்டியதில்தான் இருக்க வேண்டும் என்றார் வார்னிஷ். சின்னவள் வேனுக்குப் போனாள். சாக்கை இழுத்துப் போட்டு, வேனில் இருந்த குறட்டை எடுத்து, கம்பி முடிச்சைப் பிடித்துத் திருப்பினாள். பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடிச்சு அவிழவில்லை. இன்னும் இறுகியது.

சின்னவள் குறட்டை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் கம்பி முறுக்குகிறவள். வலதுகைக்காரர்கள் கம்பியை ஒரு பக்கமாகத்தான் முறுக்குவார்கள். இந்தக் கம்பி எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தது. அவள் மெதுவாகக் குறட்டை மறுபக்கம் திருப்பினாள். முடிச்சு வெண்ணெயாக அவிழ்ந்தது. நிமிர்ந்தாள். பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள்.

பெரியவள் அந்தக் கையை எங்கே ஒளித்துவைப்பது என்று தேடினாள். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் கம்பியை நீவி நேராக்கி, சுருட்டி, தன் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு கை நிறைய நல்ல மரத்தை அள்ளி வந்தாள். பழைய தீயை மண் போட்டு மூடி, தள்ளி வேறு இடத்தில் கல் கூட்டினாள். பிறகு கத்தியையும் வெங்காயத்தையும் பெரியவளிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்க நறுக்கித் தாங்க. உங்க கை வேகம் எனக்கு வராது."

குரலில் ஒரு கசப்பும் இல்லை. மாமனார் தலையாட்டினார். இத்தனை கலவரத்திலும் மூத்தவளுக்கு மரியாதை கொடுக்கிற பெண் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். மூத்தவனும் தலையாட்டினான். வார்னிஷ் வாய்விட்டே சொன்னார், சின்னம்மா மனசு யாருக்கு வரும் என்று.

பெரியவள் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். அழுகை வந்திருக்க வேண்டும். நன்றி வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது முன்னைவிடப் பெரிய பொறாமை. கல்லைப் பிடுங்கினாள், தேநீரைப் பிடுங்கினாள், மாமனார் சிரிப்பைப் பிடுங்கினாள். இப்போது நல்லவள் என்கிற பெயரையும், அதுவும் என்னுடைய தப்பை மூடிமறைத்து, என் கண் முன்னாலேயே தட்டிக்கொண்டு போகிறாளே. இனிமேல் ஆயுசுக்கும் இவள் பெருந்தன்மையில் நான் சோறு தின்ன வேண்டுமா?

அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

"தம்பி மேல தப்பில்ல மாமா" என்றாள். "சாக்க மாத்திக் கட்டினது நான்தான்."

மூத்தவன் சிரித்தான். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. தெரியாமல் செய்துவிட்டாயா என்று அவசரமாகக் கேட்டான். தப்பிக்க நல்ல வழிதான். அவள் அந்த வழியில் போகவில்லை.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மாமனார் அவளையே பார்த்தார். "ஏம்மா?"

"வருஷம் பூரா சமைக்கிறேன் மாமா. இந்த ஒரு நாள் மட்டும்தான் நீங்க ரெண்டாவது தட்டு கேப்பீங்க. அதையும் அவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க. எனக்குப் பொறுக்கல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று பட்டது. ஒரு தட்டு உருளைக்கிழங்கு. அதற்காக ஒரு பையனின் பிழைப்பில் கை வைத்திருக்கிறாள். ஏதாவது நக்கல் வரும் என்று வார்னிஷைப் பார்த்தாள். அவர் குனிந்து, செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சின்னவனிடம் போய், ஊருக்குத் திரும்பின மறுநாளே ரம்பத்துக்கு வந்துவிடு என்றார். கேட்காமல் திட்டினது என் தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவன் தோளில் கை வைத்தார். பெரியவளிடம் வந்து நின்றார்.

"இனிமே சாக்கு கட்டுறது உன் பொறுப்பு. கயிறு, கம்பி, ரெண்டும்." பிறகு, "எனக்கு நாக்கு நீளம் கம்மிம்மா. அதுக்காக ருசி தெரியாதுன்னு இல்ல" என்றார். அதற்கு மேல் நின்றால் இன்னும் பேச வேண்டியிருக்கும் என்று பயந்தவர் போலக் கரைப்பக்கம் நடந்துவிட்டார்.

பெண்கள் இருவரும் தீயின் முன் தனியாக நின்றார்கள். பெரியவள் நறுக்கினாள். சின்னவள் கல்லைத் துடைத்து எண்ணெய் விட்டாள்.

"நீ எதுக்கு மூடி மறைச்ச?" என்று கடைசியில் பெரியவள் கேட்டாள்.

சின்னவள் கல்லைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அந்தக் கம்பி என் பையில இருந்தா வருஷம் பூரா நீங்க என் பேச்சக் கேப்பீங்கல்ல. நீங்களே போட்டு உடைச்சுக் கெடுத்துட்டீங்க."

பெரியவள் கத்தியை நிறுத்தினாள்.

"பின்ன என்னக்கா? என்னைக்காவது நான் ஏதாவது செஞ்சா உங்க தம்பி ஒரு வாய் சாப்பிட்டுட்டு, அண்ணி செய்யற மாதிரி இல்லம்பாரு. அதையேதான். காலையில ஆரம்பிச்சா படுக்கிற வரைக்கும். இங்கயாவது ஒரு தடவ ஜெயிக்கலாம்னு பாத்தேன். அதுக்கும் பசையப் போட்டு எரிச்சுட்டீங்க." அவள் குரல் உடைந்தது. புகையால் அல்ல. "நாளைக்கே மன்னிச்சுடுவேன்னு நினைக்காதீங்க. கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் பெரியவள். சின்னவள் நிஜமாகவே கோபப்பட்டது அவளுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. மனுஷிதான்.

மிச்சக் கிழங்கைப் பெரியவள் முறுக வதக்கினாள். மிச்சமிருந்த முட்டைகளைச் சின்னவள் தக்காளிக் குழம்பில் இறக்கினாள். நிற்கிற இடம் சரிப்படாமல் முழங்கைகள் இடித்துக்கொண்டன. இந்தத் தடவை சின்னவள் நகரவில்லை. சும்மா நிற்பானேன் என்று வார்னிஷ் ஒரு கம்பிவலையைத் தணலுக்கு மேல் சாய்த்து ரொட்டித் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதலில் பேச்சே வரவில்லை. ஆனால் ஏரிக்காற்றில் கொலைப்பசியோடு இருக்கிறவர்களால் எவ்வளவு நேரம்தான் மௌனம் சாதிக்க முடியும்? சின்னவன்தான் முதலில் வாயைத் திறந்தான். முட்டையை ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது அண்ணி செய்யற..." என்று ஆரம்பித்தவன், இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் மிச்சத்தை மென்று விழுங்கினான்.

மாமனார் தட்டைக் காலி செய்தார். விரலால் துடைத்தார். கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை. பெரியவள் கிழங்குக் கரண்டியைப் பிடித்தாள். சின்னவள் முட்டைக் கரண்டியைப் பிடித்தாள். இரண்டு பேரும் வேறு எங்கோ பார்ப்பது போல அவரையே பார்த்தார்கள்.

அவர் தட்டை நீட்டினார்.

"வார்னிஷு, அந்த ரொட்டியில இன்னும் ரெண்டு போடுப்பா. பிரமாதமாச் சுட்டிருக்க."

வார்னிஷுக்கு வாயெல்லாம் பல். அதிலெல்லாம் ஒரு பக்குவம் இருக்கிறது, தணலுக்கு நேராகக் காட்டக் கூடாது, பாலிஷ் காயவைக்கிற மாதிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். கூடாரத்தைப் பிரிக்கும்போதும் அதையே சொன்னார். வேனில் ஏறியும் அதையே சொன்னார். பட்டறைத் தொழிலை விட்டுவிட்டு ரொட்டிக்கடை போடலாமா என்று முதலாளியிடமே யோசனை கேட்டார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின் இருக்கையில் பெண்கள் இருவரும் சாக்குகளைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் சரியாகப் பேச்சு வார்த்தை இல்லை. வேன் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முழங்கை இடித்தது.

"ரொட்டி சுடறது ஒரு வேலையா?" என்று சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"ஒரு ஓரம் கருகிக்கூட இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

"நான் பாத்தேன்."

கொஞ்ச தூரம் போனது. முன்னாலிருந்து வார்னிஷின் குரல் ஓயவில்லை. சின்னவள் தன் பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த கம்பியை எடுத்து, பெரியவளின் இடது கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் அந்த ஆளு ரொட்டி சுடறப்ப," என்றாள், "எந்தச் சாக்கு?"